விளிம்பில் உளி, மேட்டில் பொன்

சில்வர் பெயின்ட் என்றாலே நம் ஊரில் நினைவுக்கு வருவது வீட்டு கேட்டும் கிரில் கம்பியும்தான். தங்கநிறப் பெயின்ட் என்றால் திருவிழாவுக்கு முன்னால் அவசரமாகப் பூசப்படும் சிம்ம வாகனம், கல்யாண மண்டப மேடைச் சிம்மாசனம், நாடக கம்பெனிக் கிரீடம். பூசிய அன்று கண்ணைப் பறிக்கும். சில மழைக்காலம் போனால் கறுத்துப் பழுப்பாகிவிடும். கடைசல் பிடித்த நல்ல மரத்தட்டின் மேல் இதைப் பூசலாமா என்று ஓர் ஆசாரியிடம் கேட்டால் முறைப்பார். அந்த முறைப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் உலகெங்கும் கடைசல்காரர்கள் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் 1986-இல் தொடங்கிய காலத்தை ஒட்டி, கடைசல் என்பது நாற்காலிக் காலும் உப்புக் கிண்ணமும் செய்யும் தொழில் என்ற நிலையிலிருந்து சுவரில் மாட்டும் கலைப்பொருள் என்ற இடத்துக்கு நகர்ந்தது. அகலமான விளிம்பு வைத்த தட்டைக் கடைவது, விளிம்பை மட்டும் செதுக்கிக் கரடாக்குவது, அதைக் கறுப்பாக்கி மேலே செம்பு, வெண்கலம், பொன் நிறப் பூச்சுகளை ஏற்றுவது, நடுப்பகுதியை வெறும் மரமாகவே விடுவது என்று ஒரு வழக்கம் பரவிவிட்டது. பிரிட்டனின் நிக் ஏகர் செதுக்கலும் வண்ணத் தெளிப்பும் சேர்ந்த பாணியை ஊர் ஊராகச் செய்து காட்டிப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர். 1828 முதல் உளி செய்துவரும் ஷெஃபீல்டு ராபர்ட் சார்பி நிறுவனம், சுழலும் மரத்தில் சின்னப் பற்சக்கரத்தை அழுத்திக் கோலம் பதிக்கவென்றே ஒரு கருவியை விற்கிறது.

இதில் எது அலங்காரம், எது அலங்கோலம் என்ற கேள்விக்கு விடை தேட வேலந்தாவளத்திலிருந்து ஷெஃபீல்டு வரை போக வேண்டியதில்லை. எங்கள் சோதனைச்சாவடி ஊருக்குக் கிழக்கே கோயம்புத்தூர். தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, நூலில் ஒரு பங்கு பிசகாமல் கடையத் தெரிந்தவர்கள். மேற்கே இதே பாலக்காடு மாவட்டத்தில், செர்ப்புளசேரிக்குப் பக்கத்தில் வெள்ளிநேழி. கதகளிக் கோப்புகள், அதாவது கிரீடம், தோடு, செவிப்பூ, தோள்வளை முதலான ஆட்டக்காரரின் மர அணிகள் செதுக்கப்படும் ஊர். வட்ட மரத்தில் செதுக்கி, அதன் மேல் உலோக மினுக்கு ஏற்றும் கலையின் உச்சம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் கதகளிக் கிரீடத்தின் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய வட்டத்தைத்தான் காட்டுவேன்.

பச்சை வேஷத்துக்கும் கத்தி வேஷத்துக்கும் உரிய கேசபாரக் கிரீடத்தை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கோபுரம்போல எழும் கூம்பு. அதற்குப் பின்னால், முகத்துக்கு ஒளிவட்டம் பிடித்ததுபோல ஒரு தட்டு. சிவப்புத் தாடி வேஷத்துக்கு அந்தத் தட்டு இன்னும் பெரிதாகும். அனுமனின் வட்டமுடியில் அதுவே தொப்பியின் விளிம்பாகப் படுத்துவிடும். மரம் குமிழ். இலேசானது, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. தலையில் கட்டிக்கொண்டு இரவு முழுக்க ஆடவேண்டிய பொருளுக்கு வேறென்ன வேண்டும்? குமிழை வட்டமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் மொட்டு, மணி, இதழ் என்று சின்னச் சின்ன மேடுகளைச் செதுக்குகிறார்கள். அந்த மேடுகளின் மேல் பொன்தாள் ஒட்டப்படுகிறது. இடையிடையே சிவப்பும் பச்சையும், கண்ணாடிச் சில்லுகள், வண்ணக் கற்கள், வெள்ளைக் கோடு வேண்டிய இடத்தில் மயில்பீலித் தண்டு.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டும் கொஞ்சம் வேறு சாய்வில் இருக்கும். ஒரு மேட்டின் உச்சி விளக்கை வாங்கித் திருப்பியடிக்கும் நேரத்தில் பக்கத்து மேடு இருண்டு கிடக்கும். ஆட்டக்காரர் தலையை அரை அங்குலம் திருப்பினால் போதும், இருண்டது எரியும், எரிந்தது அணையும். கதகளிக்கு மரபான மேடை வெளிச்சம் என்பது முன்னால் நிற்கும் ஒற்றை ஆட்டவிளக்கின் எண்ணெய்ச் சுடர்தான். நின்று நிதானித்து எரியாத அந்தச் சுடரையும் அசையும் தலையையும் கணக்கில் வைத்துச் செதுக்கப்பட்ட பொருள் இது. இதே தாளைச் சமதளப் பலகையில் ஒட்டியிருந்தால்? ஒரு கோணத்தில் பளீரென்று தகரமாக அடிக்கும். மற்ற எல்லாக் கோணத்திலும் சாம்பலாகத் தெரியும்.

இந்தத் துறையின் அடிப்படை இதுதான். உலோகத்துக்கு மற்ற வண்ணங்களைப்போலச் சொந்த நிறம் குறைவு. எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டுவதே அதன் வேலை. சிவப்புப் பெயின்ட் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிவப்பு. உலோகப் பூச்சுக்கோ ஒளி வரும் திசையும் பார்ப்பவர் நிற்கும் இடமும் வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் எங்கே நின்றாலும் சில மேடுகளாவது கண்ணுக்கு நேராக அமையும். ஆகவே செதுக்கல் முதலில், உலோகம் பிறகு. பூச்சு நன்றாக இல்லையே என்று பலர் பெயின்ட் பிராண்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் உளிவேலையைத்தான்.

நம் கடைசல் மரபு ஏன் இந்த வழியில் போகவில்லை என்பது யோசிக்கத் தக்கது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், கர்நாடகத்தின் சன்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா எல்லாமே கடைசல் மரபுகள்தான், வண்ணமும் உண்டு. ஆனால் அந்த வண்ணம் அரக்கு வழியாக வருகிறது. சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். அருமையான நுட்பம். மரமும் அதற்கேற்ற வெட்பாலை. தந்தம்போன்ற வெளிர் நிறம், நெருக்கமான இழை. ஏட்டிகொப்பாகாவில் இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்த சி. வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இந்த முறைக்கு வழவழப்பான உருளைப் பரப்புதான் ஒத்துவரும். குச்சி மேட்டைத் தொடும், பள்ளத்துக்குள் இறங்காது. செதுக்கிய தட்டை லேத்தில் சுழற்றி அரக்கு ஏற்ற முடியாது. எனவே கடைசல்காரர் வழவழப்போடு நின்றார். செதுக்கலும் பொன்வேலையும் கோயில் தச்சரிடமும் கோப்புப் பணியாளரிடமும் போய்ச் சேர்ந்தன. இரண்டு பட்டறைகளும் ஒரு தட்டின் மேல் சந்திக்கவே இல்லை.

சமதளத்திலேயே உலோகத்தைச் சாதித்தவர்களும் உண்டு. அவர்கள் வேறொரு தந்திரம் செய்தார்கள். குஜராத்தின் சங்கேடா தேக்குச் சாமான்களில் மின்னும் பொன் பொன்னே அல்ல. வெள்ளீயத்தைப் பசையோடு குழைத்துக் கடைந்த மரத்தில் கோலமாக எழுதி, அகீக் கல்லால் தேய்த்து மினுக்கேற்றி, மேலே அரக்குப் பூசுகிறார்கள். அரக்கின் தேன்மஞ்சள் வழியாகப் பார்க்கும்போது வெள்ளி நிற வெள்ளீயம் பொன்னாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ருஷ்யாவின் நீஷ்னி நோவ்கரத் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் ஹஹ்லமா வேலையும் அதேதான். கடைந்த லிண்டன் மரக் கிண்ணத்துக்குக் களிமண் பூச்சும் ஆளிவிதை எண்ணெயும் கொடுத்து, அரைகுறையாகக் காய்ந்த எண்ணெயின் மேல் வெள்ளீயப் பொடியைத் தேய்க்கிறார்கள். பிற்காலத்தில் அலுமினியப் பொடி. சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை எழுதி, வார்னிஷ் போட்டு அடுப்பில் வாட்டினால் வார்னிஷ் மஞ்சளாகிறது, கிண்ணம் பொன்னாகிறது. தங்கம் ஒரு குன்றிமணிகூடச் செலவில்லை. கேட்டுக்குப் பூசும் சில்வர் பெயின்ட்டை இனி இளக்காரமாகப் பார்க்குமுன் ஹஹ்லமாவை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, செதுக்காமலே மேடு உண்டாக்குவது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த மக்கை வைத்து நகை, மண்டபத் தூண் எல்லாம் எழுப்பி, அதன் மேல் பொன் தகட்டை ஒட்டுகிறார்கள். பலகைப் படம் என்ற பழைய பெயர் மரத்துக்குரிய மரியாதையைக் காட்டுகிறது. பர்மாவில் தித்சி மரப்பாலோடு சாம்பல் குழைத்துக் கயிறுபோலத் திரித்துப் பாத்திரத்தின் மேல் கொடியும் உருவமும் ஒட்டி, பொன் இலை போர்த்தி, கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். நம்முடைய அரக்கு பூச்சி தருவது, அவர்களுடையது மரம் தருவது. பெயரளவில் இரண்டையும் ஒன்றாகப் பேசினாலும் பொருள் வேறு. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கொண்டுவந்த இப்படிப்பட்ட பாத்திரங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தன. அவற்றையும் கதகளித் தோட்டையும் அருகருகே வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லத் தோன்றும்.

ஜப்பானின் காமகுரா-போரி தட்டுகளை இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். நம் விஷயத்துக்கு அவைதான் மிக நெருக்கம். தட்டைச் செதுக்கி, உளித்தடத்தை மறைக்காமல் விட்டு, கறுப்பு அடிப்பூச்சின் மேல் சிவப்பு அரக்கு ஏற்றி, பள்ளங்களில் இருள் தங்கும்படி செய்வார்கள். உலோகம் இல்லை. ஆனால் பள்ளத்தில் இருள், மேட்டில் நிறம் என்ற இலக்கணத்தை அவ்வளவு சுத்தமாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

பூச்சுக்கு வருவோம். கடையில் தங்கநிறம் என்று கிடைப்பது மூன்று வகை. பழைய வகை பித்தளைப் பொடி. செம்பும் துத்தநாகமும் கலந்தது. அசல் உலோக மினுக்கு இதில்தான் வரும். காற்றும் ஈரமும் பட்டால் செம்பு தன் குணத்தைக் காட்டிக் கறுக்கும், பச்சைகூடப் பூக்கும். வாகனங்கள் பழுப்பாவது இதனால்தான். இரண்டாவது அலுமினியச் செதில். சில்வர் பெயின்ட்டில் இருக்கும் செதில்கள் ஸ்டியரிக் அமிலம் பூசப்பட்டவை. ஈரப் பெயின்ட்டின் மேற்பரப்புக்கு மிதந்து வந்து ஓடு வேய்ந்ததுபோல அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பளபளப்பு. காப்பாற்றுவோம் என்று அதன் மேல் கிளியர் லாக்கர் அடித்தால் செதில் வரிசை கலைந்து மங்கிப்போகும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூன்றாவது அப்பிரகம். மெல்லிய அப்பிரகச் செதிலின் மேல் டைட்டானியம் ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ படியவைத்தால், படிவின் கனத்துக்கேற்ப முத்து வெள்ளை, பொன், செம்பு என்று நிறம் மாறும். உலோகமே இல்லாததால் கறுக்காது. இன்று தட்டு வேலைக்கு விற்கும் நீர்க்கலப்பு மெட்டாலிக் வண்ணங்களில் பல இந்த வகை. நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் ஜார்க்கண்டின் கோடர்மா பக்கத்தில் அப்பிரகம் பொறுக்குவதில் குழந்தைகள் ஈடுபடுத்தப்படுவது பலமுறை செய்தியான விஷயம். எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டு வாங்குவதில் தவறில்லை. மெழுகில் குழைத்த பொன் பசையும் கிடைக்கிறது. விரலால் தேய்த்து ஏற்றச் சுகமானது. மெழுகின் மேல் எந்த லாக்கரும் ஒட்டாது என்பதால் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மரத்தில் செய்வது? ஈட்டியின் மேல் பெயின்ட் அடிப்பதைப் பாவம் என்றே வைத்துக்கொள்வோம். இழை அழகாக ஓடும் மரத்துக்கு எண்ணெயே போதும். அலங்காரத்துக்குரியது இழை பேசாத மரம். எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது ரப்பர். நட்டு இருபத்தைந்து முப்பது வருஷத்தில், பால் ஓய்ந்ததும் வெட்டுகிற மரம். வெளிர் நிறம், நன்றாகக் கடையும். போரிக் மருந்து ஏற்றாத ரப்பர் மட்டும் வேண்டாம். வண்டு தின்று மாவாக உதிரும், நீலப் பூஞ்சையும் பிடிக்கும். வெட்பாலை, கடம்பு, மா எல்லாம் ஆகும். தேக்கில் செய்தே தீருவேன் என்பவருக்கு வேறு வழி உண்டு. கம்பி பிரஷால் இழையோடு உரசினால் இளம் பகுதி கரைந்து துளைகள் திறக்கும். கறுப்புச் சாயம் ஏற்றி, துளைகளில் பொன் மெழுகை நிரப்பித் துடைத்துவிடலாம். அங்கே உளி செய்யவேண்டிய வேலையை மரமே செய்துகொடுக்கிறது.

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. மார்கழி, தை மாதங்களில் கணவாய்க்குள் புகுந்து வீசும் கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். மேற்கே மழைக்காட்டுப் பக்கமிருந்து வரும் பலகையை வந்த கையோடு கடைந்தால் பொங்கலுக்குள் தட்டு குழிந்தோ வெடித்தோ போகும். வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே முதலில் கனமாகக் கடைந்து, நிழலில் போட்டு ஆறவிட்டு, கோணியதை மறுபடி கடைந்து சரிசெய்ய வேண்டும். அலங்கரித்த தட்டுக்கு இதற்கு மேலும் ஒன்று. முன் விளிம்பில் நாலு கை பெயின்ட், பின்பக்கம் வெறும் மரம் என்றால் பின்பக்கம் மட்டும் மூச்சுவிடும். தட்டு குடைபோல வளையும். பின்னாலும் சீலர் போடாமல் எந்தத் தட்டையும் பட்டறையை விட்டு அனுப்பக்கூடாது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முப்பது சென்டிமீட்டர் தட்டில் ஆறு ஏழு சென்டிமீட்டர் விளிம்பு. செதுக்கல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் லேத்திலேயே கூரான ஒரு பள்ளக்கோடு. சின்ன விஷயம்தான், ஆனால் வேலை சுத்தமாகத் தெரிவதும் தெரியாததும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது; பெயின்ட் வழிந்தாலும் இங்கே நின்றுவிடும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே டை கிரைண்டரில் உருண்டை பிட் போட்டு, மீன் செதில்போல ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கொத்திக்கொண்டே போகலாம். ஒரே அளவில் விழ வேண்டும் என்று பாடுபட வேண்டாம். கை கொஞ்சம் தடுமாறினால்தான் ஒளி பல கோணத்தில் சிதறும். எழுந்து நிற்கும் நாரை நைலான் பிரஷால் துடைத்து, சீலர் ஒரு கை, மேட் கறுப்பு இரண்டு கை. பள்ளத்தின் அடியில் வெள்ளை மரம் ஒரு புள்ளி தெரிந்தாலும் பிறகு கண் அங்கேயே போய் நிற்கும்.

பொன் ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். தட்டையான பிரஷை வண்ணத்தில் தொட்டு, முக்கால்வாசியைப் பழைய செய்தித்தாளில் இழுத்துத் துடைத்துவிட வேண்டும். பிரஷ் காய்ந்துவிட்டதுபோலத் தோன்றும் நிலைதான் சரியான நிலை. தட்டை மெதுவாகக் கையால் சுழற்றிக்கொண்டு, பிரஷைப் படுக்கவைத்து விளிம்பின் மேல் தடவினால் முதல் சுற்றில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். இரண்டாம் சுற்றில் செதில்களின் உச்சி மட்டும் மெல்லச் சிவந்து பொன் பூக்கும். அங்கேயே நிறுத்தத் தெரிந்தவர் வேலைக்காரர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால் பொன் பள்ளத்தில் இறங்கும், கறுப்பு போய்விடும், தட்டு நாடகக் கிரீடமாகிவிடும். ஒரு தட்டில் ஒரு உலோகம், மிஞ்சினால் இரண்டு. கதகளிக் கோப்புக்காரர் அத்தனை பொன்னை ஏற்றியும் இடையில் சிவப்பையும் பச்சையையும் நிறுத்தி அதைக் கட்டிப்போடுகிறார். மேல்நாட்டுத் தட்டுகள் பலவற்றில் செம்பு, வெள்ளி, ஊதா, மயில்நீலம் எல்லாம் ஒன்றாக மினுங்குவதைப் பார்க்கும்போது இந்தக் கட்டுப்பாடுதான் இல்லை என்று தோன்றுகிறது.

இப்படிச் செய்த தட்டு எதற்கு உதவும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சோறு போட்டுச் சாப்பிட உதவாது. பித்தளைப் பொடி பூசிய பரப்பில் புளியும் எலுமிச்சையும் படுவது கெடுதல். எந்தப் பூச்சானாலும் செதுக்கல் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் கழுவி எடுக்க முடியாது. நடுப்பகுதியில் வெறும் எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டால் பழம், வெற்றிலை பாக்கு, பொட்டலமிட்ட இனிப்பு வைக்கலாம். சுவரில் மாட்டுவதற்கென்று மட்டும் தட்டு வாங்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. அதைப் பெரிய குறையாகவும் நான் நினைக்கவில்லை.

நமக்குத் தயாராக ஒரு சந்தை இருக்கிறது: சீர்வரிசைத் தட்டு. இன்று அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கும் எம்.டி.எஃப். அட்டையும் பசைத் துப்பாக்கியால் ஒட்டிய முத்துச்சரமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்யாணம் முடிந்த மறுநாள் பரணுக்கோ குப்பைக்கோ போகின்றன. கடைந்து செதுக்கிய மரத்தட்டு அந்த விலைக்கு வராது. ஆனால் வாடகைக்கு விடும் அலங்காரக்காரர் ஒருவர் ஒரு வரிசை வாங்கி வைத்தால் பல முகூர்த்தத்துக்கு வரும். அப்போது எடை முக்கியமாகிறது. முப்பது சென்டிமீட்டர் அகலமும் சராசரி ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ள தட்டு ரப்பரில் நானூற்றுச் சொச்சம் கிராம் வரும். குமிழில் முந்நூற்றுச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஐந்து கிலோ ஆப்பிளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மண்டப வாசலில் நாதஸ்வரம் வரும்வரை நிற்கும் அத்தைக்கும் சித்திக்கும் அந்த நூறு கிராம் பெரிதில்லை என்று சொல்லலாம். ஆனால் இருபத்தொரு தட்டையும் அடுக்கி வண்டியில் ஏற்றி இறக்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் குமிழைத்தான் கேட்பார்.